தண்ணீர்ச் சங்கச் செயலாளரின் மகள்

நயினாதீவில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தால் கடல் நினைவுக்கு வரும். குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம், ஆட்டுக்கு வைக்கலாம், குடிக்க முடியாது. குடிதண்ணீரை ஊர்த் தாங்கியிலிருந்து சங்கம்தான் அளந்து கொடுக்கும். தயாபரன் அந்தச் சங்கத்தின் செயலாளர்.

அவனைப்போல ஒரு செயலாளர் அந்தச் சங்கத்துக்கு முன்னும் இருந்ததில்லை, இனியும் வரக்கூடாது என்று ஊரில் பலர் நேர்ந்திருந்தார்கள். ஒருமுறை செத்தவீட்டுக்காரர் ஒரு கான் தண்ணீர் கூடக் கேட்டு வந்தபோது, "செத்தவருக்கு இனித் தண்ணி தேவையில்லைத்தானே? அவரின்ரை பங்கை முதல்ல பாவியுங்கோ, காணாட்டில் வாங்கோ" என்று திருப்பி அனுப்பினவன் அவன். துக்கவீட்டுக்குப் போனால் தேத்தண்ணீர் கிடைக்காது என்பதற்காக அன்று அவன் அந்தப் பக்கம் போகவில்லை. மற்றபடி நல்லவன்.

ஆனி மாதம், ஊரவர் நாகம்மா என்று கும்பிடுகிற அம்மனின் கோயில் கொடியேறின கிழமை, அவனுடைய ஒரே மகள் கம்சிகாவுக்குத் தாகம் பிடித்தது. ஒன்பது வயதுப் பிள்ளை. பள்ளிக்கூடத்தால் வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் ஓடிப்போய்ப் பேணி பேணியாகக் குடித்தாள். குடித்தது இறங்க முன்னம் கக்கூசுக்கு ஓடினாள். அங்கிருந்து திரும்பவும் குசினி. வெயில் என்றார்கள். கச்சான் காற்று என்றார்கள். வளருகிற பிள்ளை என்றார்கள். பாயை நனைக்கிறதை எப்போதோ மறந்த பிள்ளை திரும்பவும் நனைக்கத் தொடங்கியபோது, தாய் அம்பிகை அதை ஒருவருக்கும் சொல்லாமல் அலசிக் காயப்போட்டாள்.

பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டை தொளதொளத்ததை அம்பிகை கண்டாள். தண்ணீர்க் கானின் மட்டம் இறங்கியதைத் தயாபரன் கண்டான்.

"என்னப்பா, கான் ஓட்டையோ?"

"ஓட்டையில்லை. பிள்ளை குடிக்கிறாள்."

"மாடுகூட இவ்வளவு குடிக்காது."

"மாட்டைப்போல திண்டும் பிள்ளை மெலியிறாள். அதைக் கண்டனீங்களோ?"

"நீளுறாள். நீண்டால் மெலியுந்தானே? ரப்பர் பட்டியை இழுத்துப் பாரன்."

அம்பிகைக்கு அந்த ரப்பர் பட்டிக் கதை பிடிக்கவில்லை. ஆனாலும் தண்ணீர் வேண்டுமே. கணவன் இல்லாத நேரம் பார்த்துத் தாங்கியடிக்குப் போய் ஒரு கான் கூடுதலாகப் பிடித்துவந்தாள். அதைச் சதீசன் கண்டுவிட்டான். போன தெரிவில் செயலாளர் பதவிக்கு நின்று தோற்ற சதீசன், அந்த நாளிலிருந்து தாங்கியின் எதிரிலேயே தன் மீன்வலையைப் போட்டுக் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தவன்.

வாசிகசாலையில் அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் சிவபாதம், ஓய்வுபெற்ற தபாலதிபர், எந்த விசயத்தையும் முத்திரை குத்துகிறமாதிரி மேசையில் ஓங்கித் தட்டித்தான் சொல்வார்.

"செயலாளர் வீட்டுக்குத் தண்ணி களவாப் போகுது," டொக், "எண்டு முறைப்பாடு வந்திருக்கு," டொக். "தயாபரன், என்ன சொல்லுறீர்?"

"பிள்ளை குடிக்கிறாள் ஐயா."

கூட்டம் சிரித்தது. ஊருக்கெல்லாம் சொட்டுக்கணக்குப் பார்க்கிறவன் சொல்கிற சாட்டைப் பார் என்றார்கள். சதீசன் எழும்பினான். "தோட்டம் செய்யினம். வாழை வைச்சிருப்பினம். போய்ப் பாப்பம்."

எல்லோரும் அங்கிருந்தே எழும்பிப் போனார்கள். தயாபரன் வளவில் இருந்தது ஒரு முருங்கை. அதுவும் பாதி பட்டுப்போனது. சிவபாதம் குடையால் அதன் அடியைக் குத்திப் பார்த்தார், தூசிதான் கிளம்பியது. குற்றச்சாட்டு விழுந்துவிடும்போல இருந்த அந்த நேரத்தில்தான் சதீசன் கக்கூசின் பின்பக்கத்திலிருந்து கூப்பிட்டான்.

"ஐயா, இஞ்சை ஓடி வாங்கோ!"

எறும்பு. கக்கூஸ் வாசலிலிருந்து வேலிவரைக்கும், கோயில் தேருக்குப் பின்னால் சனம் போகிறமாதிரி, நெருக்கியடித்துக்கொண்டு கறுப்பாக ஒரு நிரை. சங்கத்தார் அதன் இரண்டு பக்கமும் குனிந்து, மிதித்துவிடாமல், மெல்ல மெல்லப் பின்தொடர்ந்தார்கள். நிரை கக்கூசுக்குள்தான் போய் முடிந்தது. சிவபாதம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எறும்பு ஏன் வருது? இனிப்புக்கு வருது. கக்கூசுக்குள்ளை இனிப்பு ஏன் வந்தது? ஆரோ ஊத்தினது. ஏன் ஊத்தினது? மிஞ்சினது. என்ன மிஞ்சினது?" டொக் என்று தட்ட மேசையில்லாததால் குடையை நிலத்தில் ஊன்றினார். "சர்பத்! திருவிழாச் சனத்துக்குச் செயலாளர் வீட்டிலை சர்பத் செய்து விக்கினம்!"

கம்சிகா அந்த நேரம் கக்கூசுக்குப் போக வந்தாள். இத்தனை பெரியவர்கள் வாசலில் குந்தியிருந்ததைக் கண்டு வெட்கப்பட்டுக் காலை மாற்றி மாற்றி நின்றாள். அவர்கள் எழும்பி வழிவிட்டார்கள். போய்வந்தவள் நேரே குசினிக்குள் நுழைந்து ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து ஊற்றினாள். பிறகு இன்னொன்று. சங்கம் முழுக்க வளவுக்குள் நின்று அதைப் பார்த்தது. "பாவம் பிள்ளை, வெயில்," என்றார் சிவபாதம்.

விசாரணை முடியும்வரை செயலாளர் வீட்டுத் தண்ணீரைப் பூட்டிவைப்பது என்று தீர்மானித்தார்கள். பூட்டுகிற அதிகாரம் சங்க யாப்பின்படி செயலாளருக்கு. பூட்டின் திறப்பு இருக்கவேண்டியதும் செயலாளரிடம். ஆகவே தயாபரன் தன் வீட்டுக் கானைத் தானே தூக்கித் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைத் தன்னிடமே ஒப்படைத்துக்கொண்டான். அவன் சட்டத்தை மீறுகிற ஆள் இல்லை.

"அப்பா, ஒரு பேணி."

"இப்பதானே தந்தனான்."

"இன்னொண்டு, அப்பா."

"நீ குடிக்கிறதாலை எனக்குச் சர்பத் வியாபாரி எண்டு பேர். கொஞ்சம் அடக்கிப் பழகு, அம்மா."

கம்சிகா அடக்கவில்லை, அவளால் ஏலாது. அலுமாரி பூட்டியிருந்தால் கிணற்றில் அள்ளி உப்புத் தண்ணீரைக் குடித்தாள். கோயிலில் தீர்த்தத்துக்கு நாலுதரம் வரிசையில் நின்று ஐயரிடம் பிடிபட்டாள். ஆட்டுக்கு வைத்த வாளிக்குள் முகத்தை விட்டுக்கொண்டிருந்தவளை அம்பிகை இழுத்தெடுத்தபோது, பிள்ளையின் கை எலும்பு தன் கைக்குள் குச்சிபோலக் கிடந்ததை உணர்ந்து திடுக்கிட்டாள். மறுநாள் விடிய, பிள்ளை வயிற்றைப் பொத்திக்கொண்டு சுருண்டாள். சத்தியெடுத்தாள். எடுத்துக்கொண்டே இருந்தாள்.

"உப்புத் தண்ணி குடிச்சதுதான்," என்றான் தயாபரன்.

"உங்கட அலுமாரிதான்," என்றாள் அம்பிகை. "எழும்புங்கோ. யாழ்ப்பாணம் கொண்டுபோவம்."

திருவிழா முடிந்து திரும்புகிற சனம் இறங்குதுறையை நிறைத்திருந்தது. தயாபரன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்க்கரைக் குறிகட்டுவானுக்குப் போகிற படகுக்குள் இடித்து ஏறினான். நடுவில் ஒரு சாக்கை விரித்து அம்பிகை இருந்து பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டாள். படகு புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் கம்சிகாவின் மூச்சு மாறியது. ஆழமாக, வேகமாக, நெஞ்சு முழுக்க இழுத்து, பல்லிடுக்கால் வெளியே விட்டாள். ஸ்ஸ்... ஸ்ஸ்... கண் பாதி திறந்து வெள்ளை தெரிந்தது.

பக்கத்தில் இருந்த, தலைமயிர் அவிழ்ந்த ஒரு மனுசி மெல்ல எழும்பிக் கைகூப்பினாள்.

"பாம்பு சீறுது," என்றாள். "நாகம்மா வந்திட்டா!"

"இல்லை அக்கா, பிள்ளைக்கு வருத்தம்," என்றான் தயாபரன்.

"உமக்கென்ன தெரியும்? அவவே பிள்ளையின்ர உடம்பிலை ஏறியிருக்கிறா. எல்லாரும் கொஞ்சம் அரங்கி, விலகி நில்லுங்கோ!"

அரங்க இடமில்லாத படகில் எல்லோரும் நெருங்கித்தான் வந்தார்கள். யாரோ பிள்ளையின் நெற்றியில் திருநீறு அப்பினார்கள். யாரோ பூ வைத்தார்கள். அரோகரா என்ற சத்தத்தில் படகோட்டி இயந்திரத்தைக் கொஞ்சம் அடக்கிவிட்டு எட்டிப்பார்த்தான். கட்டம்போட்ட சேட்டுக்காரர் ஒருவர் முழந்தாளில் விழுந்தார்.

"தாயே, என்ரை மகனுக்குக் கனடா விசா கிடைக்குமோ?"

கம்சிகாவின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. "தண்ணி," என்றாள்.

"தண்ணி! தண்ணி தாண்டுவான் எண்டுறா! கிடைக்கும் எண்டுறா!" சேட்டுக்காரர் அழுதார்.

மற்றப்பக்கத்தால் ஒரு தாய் தன் குமரை முன்னுக்குத் தள்ளினாள். "இவளுக்குப் பேசின மாப்பிள்ளை எப்பிடி அம்மா?"

"தண்ணி," என்றாள் கம்சிகா.

தாயின் முகம் இருண்டது. "நான் அப்பவே சொன்னனான், பெடியன்ர கண் சிவப்பெண்டு. குடிகாரன். வேண்டாம், இது வேண்டாம்." குமர் விம்மத் தொடங்கினாள். அவளுக்கு அந்தப் பெடியனைப் பிடித்திருந்தது போலும்.

தயாபரன் போத்தலைத் திறந்து மகளின் வாயருகே கொண்டுபோனான். பத்துக் கை அவனைத் தடுத்தது. உரு ஏறின நேரம் ஒன்றும் கொடுக்கக்கூடாது, அம்மன் தானாக மலையேறவேண்டும் என்றார்கள். ஊரில் ஒருவனுக்கும் ஒரு பேணி கூடக் கொடுக்காத மனுசன், கையில் தண்ணீரை வைத்துக்கொண்டு, "விடுங்கோ, அவள் குடிக்கட்டும், விடுங்கோ!" என்று அந்தக் கும்பலுக்குள் கத்தினான். ஒருவரும் கேட்கவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒருத்தி சனத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு வந்தாள். மேர்சி. அல்லைப்பிட்டியிலிருந்து நாளும் நயினாதீவுக்கு வேலைக்கு வந்துபோகிறவள். கழுத்தில் சிலுவை தொங்கியது. அம்மனைக் கும்பிட வரவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்ததால் சனம் தயங்கி வழிவிட்டது. மேர்சி குனிந்து கம்சிகாவின் வாயருகே மூக்கை வைத்து மணந்தாள்.

"கனக்கத் தண்ணி குடிச்சவளே?"

"ஓம்," என்றாள் அம்பிகை.

"மூத்திரம்?"

"பாயிலையும் போனவள்."

"மெலிஞ்சவள், என்ன?"

"எறும்பும் வந்தது," என்றான் தயாபரன். ஏன் அதைச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

மேர்சி நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணை, இது சாமியில்லை. சலரோகம். சீனி வருத்தம். என்ரை மகன் ஷாருஜனுக்கு ஆறு வயசிலை இப்பிடித்தான் வந்தது. இதே மூச்சு, இதே பழம் அழுகின மணம். நாங்கள் முட்டு இழுப்பெண்டு நினைச்சுக் கசாயம் குடுத்துக்கொண்டிருந்தனாங்கள்." சொல்லிக்கொண்டே போனை எடுத்துக் குறிகட்டுவானுக்கு அம்புலன்ஸ் வரச்சொன்னாள்.

"சின்னப்பிள்ளைக்குச் சீனி வருத்தமோ?" என்று சனம் சிரித்தது. மூலையில் இருந்த ஒரு கிழவர் கோபத்தோடு எழும்பினார். "எனக்கு முப்பது வருசமாச் சலரோகம். நான் ஒருநாளும் சீறினதில்லை!"

"நீங்கள் பேசாமல் இருங்கோ, அப்பு," என்றாள் மேர்சி. "இது வேறை."

அம்புலன்சில் கம்சிகாவின் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சின்ன இயந்திரத்தில் இரத்தத்தை வைத்தார்கள். தயாபரன் எட்டிப் பார்த்தான். இலக்கம் வரவேண்டிய இடத்தில் எச், ஐ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள். ஹாய். இந்த நேரத்தில் ஒரு மெசின் தனக்கு வணக்கம் சொல்கிறதே என்று அவனுக்கு ஆத்திரம் வந்தது.

"இது என்ன தம்பி பகிடி?"

"பகிடியில்லை ஐயா. மெசினாலை அளக்க ஏலாத அளவுக்குச் சீனி ஏறிக்கிடக்கு. அதுக்கு மேலை இதுக்கு எண்ணத் தெரியாது."

அம்பிகை முந்தானையால் பிள்ளையின் நெற்றித் திருநீற்றைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, துடைத்தது சரியோ பிழையோ என்று பயந்து, கொஞ்சத்தைத் திரும்பவும் பூசிவிட்டாள்.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் நிலாந்தினி பிள்ளையைப் பார்த்தார். பார்க்கவே பல்கலைக்கழகத்துப் பிள்ளைபோல இருந்தார்; அதட்டினால் வார்ட்டே எழும்பி நின்றது. இரண்டு கையிலும் ஊசி ஏற்றி, ஒன்றால் சேலைனும் மற்றதால் இன்சுலினும் போகவிட்டார்கள். சேலைன் சொட்டுச் சொட்டாக விழுந்தது. தயாபரன் அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு சொட்டு. பிறகு வெகுநேரத்துக்கு ஒன்றுமில்லாததுபோல இருந்து, இன்னொன்று.

"டொக்டர், இது காணாது. பிள்ளை தாகத்திலை துடிக்கிறாள். கெதியா விடுங்கோ."

"ஏலாது."

"நான் தண்ணிச் சங்கத்துச் செயலாளர், எனக்கு அளவு தெரியும். இது காணவே காணாது!"

"ஐயா, காஞ்ச உடம்பிலை ஒரேயடியாத் தண்ணியை ஊத்தினால் மூளை வீங்கும். பிள்ளையைத் திருப்பி எடுக்க ஏலாமல் போயிடும். மெல்ல மெல்லத்தான். கதிரையிலை இருங்கோ."

இருந்தான். கம்சிகா அரைமயக்கத்தில், "அப்பா, ஒரு பேணி," என்றாள். அவனுக்குக் கொடுக்கவும் தைரியமில்லை, மறுக்கவும் வாயில்லை. நனைத்த பஞ்சால் உதட்டைத் தொட்டுவிட நேர்ஸ் விட்டார். ஒவ்வொரு முறையும் பிள்ளை பஞ்சைக் கடித்து உறிஞ்சப் பார்த்தாள். அலுமாரித் திறப்பு அவனுடைய சேட்டுப் பொக்கற்றுக்குள் கிடந்து நெஞ்சில் குத்தியது. அதை எடுத்து எங்கேயாவது எறியலாம் என்று வெளியே போனான்; எறிய இடம் தெரியாமல் திரும்பி வந்தான்.

மறுநாள் மூச்சுச் சீரானது. பிள்ளை கண்ணைத் திறந்து, "இதென்ன, ஏன் எனக்குப் பூ வைச்சிருக்கு?" என்று கேட்டாள். அம்பிகை அப்போதுதான் முதல்முறையாக அழுதாள்.

"இப்பிடி ஒரு வருத்தம் உலகத்திலை ஆருக்கும் வந்திருக்குமோ, டொக்டர்?" என்று கேட்டான் தயாபரன்.

"அடுத்த கட்டிலைப் பாருங்கோ," என்றார் டொக்டர். அங்கே ஒரு சின்னப் பெடியன் தன் வயிற்றில் தானே ஊசி போட்டுவிட்டு, அப்பளம் கேட்டுக்கொண்டிருந்தான். "பெரியாக்களின்ரை சீனி வருத்தத்தோடை பாத்தால் இது குறைவு. ஆனால் அபூர்வமில்லை. ஒவ்வொரு வருசமும் வருதுகள். கனபேருக்கு என்ன வருத்தமெண்டு தெரியவாறதே இப்பிடி மூச்சிரைச்சு மயங்கின பிறகுதான். சின்னப்பிள்ளைக்கு இது வராது எண்டு எல்லாரும் நினைக்கினம். தாகம், மூத்திரம், மெலிவு எண்டால் விரலிலை ஒரு குத்துக் குத்திப் பாத்தால் போதும்."

"நான் கவனிச்சனான் டொக்டர்," என்றான் தயாபரன். "தண்ணியைக் கவனிச்சனான்."

டொக்டருக்கு அது விளங்கவில்லை.

செய்தி கடல்கடந்து ரொறொன்ரோவுக்குப் போனது. அம்பிகையின் அண்ணன் போனில் குலுங்கிக் குலுங்கி அழுதார். "நான்தான் தங்கச்சி, நான்தான் கொலைகாரன்! தைப்பொங்கலுக்குச் சொக்கிலேற் அனுப்பினது நான்தானே!" சொக்கிலேற்றால் வரவில்லை, பிள்ளையின் உடம்பு தானாகவே இன்சுலின் சுரக்கிறதை நிப்பாட்டிவிட்டது, ஒருவரிலும் பிழையில்லை என்று அம்பிகை எவ்வளவோ சொன்னாள். அவர் நம்பவில்லை. இனித் தன் வாழ்நாளில் இனிப்பே தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். அவர் சொக்கிலேற் கடையொன்றில் வேலைசெய்கிறவர்.

பிள்ளை வீட்டுக்கு வந்த அன்று சிவபாதம் சங்கத்தாரோடு வந்தார். கட்டிலடியில் நின்று, விசாரணை முடிந்தது என்றும், அம்பிகையும் செயலாளரும் குற்றமற்றவர்கள் என்றும், எறும்புகளும் குற்றமற்றவை என்றும் அறிவித்தார். சதீசன் ஒரு கான் தண்ணீரைச் சுமந்துகொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டு, ஒருவர் முகத்தையும் பாராமல் போய்விட்டான். தயாபரன் அன்றே செயலாளர் வேலையை விட்டான். ஊசி போடப் பழகுகிறவனுக்கு வேறு வேலைக்கு நேரமில்லை. முதல் கிழமை அவன் ஊசியைக் கிட்டக் கொண்டுபோவதும் திரும்ப எடுப்பதுமாக இருக்க, கம்சிகா பொறுமையிழந்து, "தாங்கோ அப்பா, நானே குத்துறன்," என்று பறித்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பின நாள் அதிபர் சறோஜினிதேவி காலைக் கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து அறிவித்தார்: கம்சிகாவுக்கு ஒருவரும் இனிப்புக் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் பெற்றாரைக் கூட்டிவர வேண்டும். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அதன் பிறகு கம்சிகா நடந்துவருகிற பக்கமெல்லாம் பிள்ளைகள் ரொபியை வாய்க்குள் ஒளித்துக்கொண்டு சிலைபோல நின்றார்கள்.

இரண்டு கிழமை கழித்துத் தயாபரனை உடனே வரும்படி அதிபர் அழைத்தார். அவன் சைக்கிளை மதிலில் போட்டுவிட்டு ஓடினான். அதிபரின் அறைக்குள் கம்சிகா கதிரையில் காலை ஆட்டிக்கொண்டு இருந்தாள். மேசையில் ரொபித் தாள்கள். சறோஜினிதேவி வியர்த்துப்போயிருந்தார்.

"உங்கட மகள் என்ரை மேசை லாச்சியைத் திறந்து ரொபி எடுத்துத் திண்டிட்டாள், தயாபரன்! தடுக்கப் போன என்னைத் தள்ளிப்போட்டுத் திண்டவள். சீனி வருத்தக்காரி! எனக்கு நெஞ்சு நிண்டுபோச்சு. அம்புலன்சுக்குச் சொல்லட்டோ?"

தயாபரன் மகளைப் பார்த்தான். "என்னம்மா நடந்தது?"

"ஓட்டப்போட்டிக்குப் பழகினனாங்கள், அப்பா. கை நடுங்கிச்சுது, வேர்த்துது, கண் மங்கிச்சுது. சீனி இறங்கினால் உடனே இனிப்புத் தின்னவேணும் எண்டு டொக்டர் சொன்னவதானே? என்ரை குளுக்கோசு பைக்குள்ளை, பை வகுப்பிலை, அங்கை மட்டும் நடக்க ஏலாமல் கிடந்தது. மற்றப் பிள்ளையளைக் கேட்டனான். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினவை. ஓடப் பழக்கின ரீச்சரிட்டைக் கேட்டனான், அவ 'அய்யோ பிள்ளை, அது உனக்கு நஞ்சு' எண்டவ. நேற்று எங்கட வகுப்பு ஜெனீற்றாவின்ரை பிறந்தநாளுக்கு அதிபருக்குக் குடுத்த ரொபி அவவின்ரை லாச்சிக்குள்ளை இருக்கெண்டு எனக்குத் தெரியும்."

"எத்தினை திண்டனி?"

"மூண்டு. பேந்து பதினைஞ்சு நிமிசம் இருந்து, பையை எடுப்பிச்சு, விரலிலை குத்திச் சோதிச்சனான். சரியா வந்திட்டுது."

தயாபரன் மகளின் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். அதிபர் கண்டிப்பான ஒரு சொல்லை எதிர்பார்த்துக் காத்திருந்தார். அவனோ மேசையில் கிடந்த ரொபித் தாள் ஒன்றை எடுத்து நீவிப் பார்த்தான்.

"மற்ற ரொபியை இனிப் பூட்டி வையாதையுங்கோ, ரீச்சர்," என்றான். "பிள்ளைக்குக் கைக்கெட்டிற இடத்திலை வையுங்கோ."

"ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்தெண்டால், என்னதான் செய்யிறது?" என்று சறோஜினிதேவி அழாக்குறையாகக் கேட்டார்.

"அவளைக் கேளுங்கோ," என்றான் தயாபரன்.

கம்சிகா கதிரையைவிட்டு இறங்கி, கசங்கின பாவாடையைத் தட்டிவிட்டாள். "இப்ப நான் ஓடப்போறன்," என்று சொல்லி வெளியே போனாள்.